மவுத் ஆர்கன் மேடையேறிய கதை

தோட்டத்து லயத்தில் வாசற்படியில் உட்கார்ந்து மவுத் ஆர்கன் ஊதும் பையனை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். வேலை முடிந்து களைப்போடு வீடு திரும்பும் நேரத்தில் அந்தச் சத்தம் காதில் விழுந்தால், "போதும்டா, படிக்கிற வேலையைப் பார்" என்று அதட்டியும் இருக்கிறோம். திருவிழாக் கடையில் பலூனோடும் பொம்மையோடும் தொங்குகிற பொருள்தானே அது! அதை ஓர் இசைக்கருவி என்று யார் மதிப்பார்கள்?

நமக்கும் அந்த எண்ணமே இருந்தது. அது மாறியது தானா ராத்தாவில், ஒரு மழைக்கால மாலையில்.

ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் விழா நடந்தது. சுற்றியிருந்த தேயிலைத் தோட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக லாரியில் வந்து இறங்கியிருந்தார்கள். பிள்ளைகளின் நடனம் முடிந்தது. பெரியவர்களின் உரையும் முடிந்தது. கடைசியாக ஈப்போவிலிருந்து வந்திருந்த ஒரு சீனப் பெரியவர் மேடைக்கு வந்தார். கையில் ஒன்றும் இல்லை. கோட்டுப் பைக்குள் கையை விட்டு, ஒரு சாண் நீளங்கூட இல்லாத ஒரு பொருளை எடுத்தார். முன்வரிசைப் பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள்.

அவர் வாசிக்கத் தொடங்கினார். முதலில் ஒரு சீன நாட்டுப்பாடல். பிறகு மேல்நாட்டு இசையில் ஒன்று. பிறகு நாம் எல்லோரும் அறிந்த ஒரு பழைய இந்திப் படப் பாட்டு. ஒரு சமயம் வயலின் அழுவதுபோல் இருந்தது. ஒரு சமயம் புல்லாங்குழலும் ஆர்மோனியமும் சேர்ந்து வருவதுபோல் இருந்தது. கூரைமேல் விழுந்த மழைச் சத்தத்தையும் மீறி, மிக மெல்லிய ஒரு சுரம் கடைசி வரிசை வரைக்கும் வந்து சேர்ந்தது. சிரித்த பிள்ளைகள் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார்கள். நமக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பாட்டி, முழங்கையால் நம்மைத் தொட்டு, "ஏன் தம்பி, அந்தச் சின்னப் பெட்டிக்குள்ளே எத்தனை பேரு இருக்காங்க?" என்று கேட்டார்.

நாம் சிரித்தோம். ஆனால் பதில் சொல்லத் தெரியவில்லை. அந்தப் பாட்டியின் கேள்விக்கு விடை சொல்ல முயல்வதே இன்றைய பேச்சு.

முதலில் பெட்டியைத் திறந்து பார்ப்போம். கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் மவுத் ஆர்கனில் பத்துத் துளைகள் இருக்கும். ஒவ்வொரு துளைக்குள்ளும் இரண்டு பித்தளை நாக்குகள். ஒன்று நாம் மூச்சை வெளியே விடும்போது அதிரும். மற்றொன்று மூச்சை உள்ளே இழுக்கும்போது அதிரும். ஆக இருபது நாக்குகள். மேடையில் வாசிக்கும் வல்லுநர்கள் பெரும்பாலும் 'குரோமாட்டிக்' என்னும் வகையைக் கையாளுகிறார்கள். அதில் பன்னிரண்டு துளைகள், நாற்பத்தெட்டு நாக்குகள். பக்கத்தில் ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் ஒவ்வொரு சுரமும் அரைச் சுரம் ஏறும். ஆர்மோனியத்தில் வெள்ளைக் கட்டை, கறுப்புக் கட்டை என்று இருக்கின்றன அல்லவா? அந்த ஏற்பாட்டையே உள்ளங்கைக்குள் அடக்கிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

உண்மையில் ஆர்மோனியமும் மவுத் ஆர்கனும் உறவுக்காரர்களே. இரண்டிலும் ஒலி எழுப்புவது, ஒரு முனை பொருத்தப்பட்டு மறுமுனை காற்றில் தடையின்றி அதிரும் உலோக நாக்குதான். ஆர்மோனியத்துக்குத் துருத்தி காற்றுக் கொடுக்கிறது. மவுத் ஆர்கனுக்கு நம் நெஞ்சே துருத்தி. நாதசுரமும் புல்லாங்குழலும் மூச்சை வெளியே விடும்போதுதான் ஒலிக்கும். மவுத் ஆர்கனோ மூச்சை இழுத்தாலும் பாடும், விட்டாலும் பாடும். மனிதன் மூச்சு விடுவதே அதற்குப் பாட்டு.

இந்த நாக்கு எங்கே பிறந்தது? இங்கேதான் கதை சுவையாகிறது. தேயிலை எங்கே பிறந்ததோ அந்தச் சீன நாட்டிலேயே இதற்கும் பழைய வரலாறு உண்டு. 'ஷெங்' என்று ஒரு கருவி சீனத்தில் இருக்கிறது. சுரைக்குடுக்கை போன்ற ஒரு கிண்ணத்தில் மூங்கில் குழல்களைச் செங்குத்தாக நட்டு, ஒவ்வொரு குழலுக்குள்ளும் ஒரு நாக்கை வைத்திருப்பார்கள். சீனாவில் ஹூபெய் மாநிலத்தில், கிறிஸ்து பிறப்பதற்கு நானூறு ஆண்டுகளுக்கு முன்பே வாழ்ந்து மடிந்த செங் நாட்டுச் சிற்றரசர் யீ என்பவரின் கல்லறையை 1978ஆம் ஆண்டில் அகழ்ந்தபோது, மற்ற இசைக்கருவிகளோடு ஷெங்குகளும் கிடைத்தன.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் மலேசியாவிலேயே இந்த இனத்துக் கருவிகள் உள்ளன. சபாவில் கடசான்டூசுன் மக்கள் வாசிக்கும் 'சொம்போத்தோன்' காய்ந்த சுரைக்குடுக்கையில் எட்டு மூங்கில் குழல்களைச் செருகிச் செய்யப்படுவது. சரவாக்கில் இபான் மக்களிடம் 'எங்கெருராய்' என்ற கருவி உண்டு. காட்டுச் சுரைக்காயையும் மூங்கிலையும் கொண்டு, காற்றில் அதிரும் நாக்கின் இரகசியத்தை அம்மக்கள் அறிந்திருந்தார்கள். இதைச் சிறிய கண்டுபிடிப்பு என்று தள்ளிவிட முடியுமா?

1777ஆம் ஆண்டு வாக்கில், பீக்கிங் நகரில் வாழ்ந்த அமியோ என்னும் பிரெஞ்சுப் பாதிரியார் சில ஷெங்குகளைப் பாரிசுக்கு அனுப்பினார். தனியாக அதிரும் நாக்கைப் பற்றிய ஆராய்ச்சி ஐரோப்பாவில் சூடு பிடித்த காலம் அது. 1820களில் ஜெர்மனி, ஆஸ்திரியா ஆகிய நாடுகளில் வாயால் ஊதும் சிறிய கருவிகள் தோன்றின. புஷ்மன் என்னும் ஜெர்மானிய இளைஞரின் பெயரை இத்தொடர்பில் சொல்வது வழக்கம்.

ஆனால் அதை ஏழைகளின் கைக்குக் கொண்டுவந்தவர் ஒரு கடிகாரத் தொழிலாளி. அவர் பெயர் மத்தியாஸ் ஹோனர். ஜெர்மனியில் துரோசிங்கன் என்ற சிற்றூரில், 1857ஆம் ஆண்டில் அவர் மவுத் ஆர்கன் செய்யத் தொடங்கினார். முதல் ஆண்டில் செய்து முடித்தவை 650 மட்டுமே. பின்னர் இயந்திரங்கள் வந்தன. ஊரிலும் சுற்றுப்புறங்களிலும் குடும்பம் குடும்பமாக மக்கள் அந்தத் தொழிலுக்கு வந்தார்கள். பெண்களும் பிள்ளைகளும் வீட்டில் இருந்தபடியே பகுதி வேலைகளைச் செய்து கொடுத்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அந்தச் சிற்றூரிலிருந்து ஆண்டுக்குக் கோடிக்கணக்கில் மவுத் ஆர்கன்கள் கப்பலேறின.

இங்கே நம் தேயிலையை நினைத்துப் பாருங்கள். சீனத்திலிருந்து புறப்பட்ட தேயிலை வெள்ளைக்காரர்களின் கைக்குப் போய், அஸ்ஸாமிலும் இலங்கையிலும் பெருந்தோட்டப் பயிராகி, பின்னர் இந்த மலைக்கு வந்தது. வில்லியம் கேமரன் இம்மலைப் பகுதியை அளந்தது 1885ஆம் ஆண்டில். போ தேயிலை நிறுவனத்தை ரஸ்ஸல் என்பவர் தொடங்கியது 1929இல். தாப்பாவிலிருந்து மலைமேல் வரும் பாதை தானா ராத்தாவைத் தொட்டது 1930களின் தொடக்கத்தில். 'தானா ராத்தா' என்றால் மலாய் மொழியில் சமதரை என்று பொருள். கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில், மலைகளுக்கு நடுவே கிடைத்த சிறிய சமதரை. அந்தச் சமதரையைச் சுற்றியிருந்த சரிவுகளில் காட்டை அழித்துத் தேயிலையை நட்டவர்களில் நம் முன்னோர்களும் இருந்தார்கள். ஆயிரம் மைல்களுக்கு அப்பால் பிறந்த செடி, கூலிக் குடும்பங்களின் கைபட்டு உலகத்தின் கோப்பைக்குப் போயிற்று. அதே போலத்தான், ஆசிய மூங்கிலில் பிறந்த நாக்கும் ஜெர்மனியில் ஏழைக் குடும்பங்களின் கைபட்டு உலகத்தின் சட்டைப் பைக்குள் போய்ச் சேர்ந்தது.

மலிவாகக் கிடைத்ததால் எல்லோரும் வாங்கினார்கள். படைவீரன் பதுங்கு குழியில் ஊதினான். கப்பற்காரன் தளத்தில் ஊதினான். அமெரிக்காவின் தென்பகுதியில் பருத்திக் காட்டில் உழைத்த கறுப்பின மக்கள் தங்கள் துயரத்தையெல்லாம் அதில் ஊதினார்கள். அவர்கள்தான் ஓர் அரிய நுட்பத்தை வளர்த்தவர்கள். நாக்கையும் தொண்டையையும் அசைத்து, வாய்க்குள் இருக்கும் இடத்தைக் கூட்டிக் குறைத்தால், பித்தளை நாக்கின் சுரமே வளைந்து கீழிறங்கும். செய்தவன் வைக்காத சுரத்தை வாசிப்பவன் வரவழைத்துவிடுவான். நம் சங்கீதத்தில் சுரத்தை அசைத்து, இழைத்துக் கொண்டுபோவதைக் கமகம் என்கிறோம். அதற்கு நெருங்கிய ஒன்றை, சங்கீதப் பள்ளி பக்கம் போகாத அந்தப் பாட்டாளிகள் தாமாகவே கண்டுகொண்டார்கள்.

ஆனாலும் பெரிய மேடைகள் திறக்கவில்லை. மலிவாகக் கிடைக்கும் பொருளுக்கு மதிப்பு ஏது? பாட்டாளியின் பையில் இருப்பது விளையாட்டுச் சாமான். பணக்காரரின் மண்டபத்தில் இருப்பதுதான் வாத்தியம். இந்த எண்ணத்தை உடைக்க, நேரில் கேட்க வைப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

உடைத்தவர்களில் முதன்மையானவர் லாரி ஆட்லர். 1914ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பால்ட்டிமோர் நகரில் பிறந்தார். 1927இல், பதின்மூன்று வயதில், அவ்வூரில் நடந்த மவுத் ஆர்கன் போட்டியில் கலந்துகொண்டார். மற்றப் பிள்ளைகள் அன்றைய தெருப்பாட்டுகளை ஊதியபோது, அவர் பீத்தோவன் இயற்றிய ஒரு நடன இசையை வாசித்துப் பரிசைத் தட்டிக்கொண்டார். மறு ஆண்டே வீட்டை விட்டு நியூயார்க் நகருக்குப் புறப்பட்டார். இசைக்குறிப்பைப் பார்த்து வாசிக்கவும் நெடுங்காலம் அவருக்குத் தெரியாது. காதால் கேட்டதை மூச்சால் திருப்பிச் சொல்வதே அவர் வித்தை. 1934இல் இலண்டன் சென்றார். அங்கே அவர் மேடையேறிய பிறகு மவுத் ஆர்கன் விற்பனை பன்மடங்கு உயர்ந்தது. நேரில் கேட்டவர்கள் கடைக்கு ஓடினார்கள்.

அப்படியும் கருவிக்கு உரிய இடம் கிடைத்துவிடவில்லை. இதற்கு ஒரு வேடிக்கையான சான்று உண்டு. 1942 முதல் 1944 வரை அமெரிக்க இசைக் கலைஞர் சங்கம் இசைத்தட்டு நிறுவனங்களுக்கு எதிராக வேலைநிறுத்தம் செய்தது. சங்கத்து உறுப்பினர் யாரும் இசைத்தட்டுக்கு வாசிக்கக்கூடாது என்பது கட்டளை. மவுத் ஆர்கன் வாசிப்பவர்களை அந்தக் கட்டளை கட்டுப்படுத்தவில்லை. ஏன் தெரியுமா? அதை ஓர் இசைக்கருவி என்றே சங்கம் ஒப்புக்கொள்ளவில்லை! 1947ஆம் ஆண்டில் 'ஹார்மோனிகேட்ஸ்' என்ற மூவர் குழுவின் இசைத்தட்டு அமெரிக்காவில் முதலிடத்தைப் பிடித்தது. அதற்குப் பிறகுதான் சங்கத்தின் கதவு மவுத் ஆர்கன்காரர்களுக்குத் திறந்தது. சங்கத்தில் சேர்த்துக்கொள்ளப்படுவது என்றால் என்ன என்பது தோட்டப் பாட்டாளிகளாகிய நமக்குத் தெரியும். 'நீயும் உழைப்பாளிதான்' என்று ஊர் அறிய ஒப்புக்கொள்வது அது.

இரண்டாமவர் டாமி ரெய்லி. கனடாவில் 1919இல் பிறந்தவர். சிறு வயதில் வயலின் பயின்று, பதினோராம் வயதில் மவுத் ஆர்கனுக்கு வந்தார். இரண்டாம் உலகப் போர் மூண்டபோது அவர் ஜெர்மனியில் இருந்தார். பகை நாட்டவர் என்று பிடித்து, போர் முடியும் வரை தடுப்பு முகாமில் அடைத்துவிட்டார்கள். ஆறு ஆண்டுச் சிறை! வேறு யாராக இருந்தாலும் மனம் ஒடிந்திருப்பார்கள். ரெய்லி அந்த முகாமையே தம் பள்ளிக்கூடமாக்கிக்கொண்டார். வயலின் மேதை ஹைபெட்ஸின் வாசிப்பை மனத்தில் வைத்து, அந்த நயத்தையெல்லாம் மவுத் ஆர்கனில் கொண்டுவரப் பழகினார். பின்னாளில் பல இசையமைப்பாளர்கள் அவருக்காகவே புதிய இசைகளை எழுதினார்கள். 1992இல் பிரிட்டிஷ் அரசு அவருக்கு விருதளித்துப் பெருமை செய்தது.

இப்பொழுது 1952ஆம் ஆண்டுக்குப் போவோம். ரால்ப் வாகன் வில்லியம்ஸ் என்பவர் இங்கிலாந்தின் தலைசிறந்த இசையமைப்பாளர்களில் ஒருவர். ஏறத்தாழ எண்பது வயதை எட்டியிருந்த அந்த முதியவர், லாரி ஆட்லருக்காக ஓர் இசையை எழுதினார். மவுத் ஆர்கன், நரம்புக் கருவிகள், பியானோ ஆகியவை சேர்ந்து இசைப்பது. ஏழு நிமிடங்கூட நீடிக்காத சிறிய இசை. எண்பது வயது மேதை ஒருவர், இந்தக் கருவியால் என்ன முடியும், என்ன முடியாது என்று மாணவரைப்போலக் கேட்டறிந்து எழுதினார் என்பது நாம் மனத்தில் வைக்கவேண்டிய செய்தி.

அது முதலில் நியூயார்க்கில் அரங்கேறியது. அதே ஆண்டு செப்டம்பரில் இலண்டன் ஆல்பர்ட் மண்டபத்தில், புகழ்பெற்ற கோடைக்கால இசைவிழாவில் வாசிக்கப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் அமரக்கூடிய வட்ட மண்டபம் அது. பின்னால் நூறு வாத்தியங்கள் முழங்கிப் பழகிய மேடை. அங்கே ஒரு மனிதர் உள்ளங்கையில் அடங்கும் கருவியோடு வந்து நின்றார். வந்திருந்தவர்களில் பலருக்கு, மவுத் ஆர்கன் வல்லுநர் ஒருவரைப் பெரிய வாத்தியக் குழுவோடு கேட்பது அதுவே முதல் முறையாக இருந்திருக்கும். வாசித்து முடித்ததும் கூட்டம் கைதட்டி ஓயவில்லை. மீண்டும் வாசிக்கும்படி கேட்டது. மீண்டும் வாசிக்கப்பட்டது. புதிய இசை ஒன்றை அவ்விடத்திலேயே இரண்டாம் முறை கேட்பது அந்த விழாவில் எளிதாக நடக்கும் காரியம் அன்று.

ஆனால் அந்த மனிதரின் பெயருக்கு வேறொரு சோதனை காத்திருந்தது. அந்தக் காலத்தில் அமெரிக்காவில், பொதுவுடைமைக் கொள்கைக்காரர் என்று யாரையாவது சந்தேகித்தால் அவருக்கு வேலை கிடைக்காதபடி செய்துவிடுவார்கள். ஆட்லரும் அந்தப் பழிக்கு ஆளாகி, பிரிட்டனுக்குக் குடிபெயர்ந்தவர். 1953இல் 'ஜெனவீவ்' என்ற ஆங்கிலப் படத்துக்கு அவர் இசையமைத்தார். படம் அமெரிக்காவுக்குப் போனபோது அவர் பெயரை எடுத்துவிட்டார்கள். அந்த இசை ஆஸ்கர் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டபோது, வாத்தியக் குழுவை நடத்தியவரின் பெயரே பட்டியலில் இருந்தது. உழைத்தவரின் பெயர் திரும்பவும் ஏட்டில் ஏறியது 1986ஆம் ஆண்டில்தான். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று! தேயிலைப் பொட்டலத்தின் மேல் கொழுந்து பறித்தவரின் பெயர் இருப்பதில்லை. இதைப் பார்த்துப் பழகிய நமக்கு, அந்த மனிதரின் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்பதை யாரும் விளக்கத் தேவையில்லை. ஆட்லர் 2001ஆம் ஆண்டில் மறையும் வரை வாசித்துக்கொண்டே இருந்தார்.

மேடை ஏறிய கருவி விண்வெளிக்கும் போயிற்று. 1965ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள், 'ஜெமினி 6' விண்கலத்தில் சென்ற அமெரிக்க வீரர் ஷிரா, ஒளித்து எடுத்துச் சென்ற ஒரு குட்டி மவுத் ஆர்கனை எடுத்துக் கிறிஸ்துமஸ் பாட்டு ஒன்றை வாசித்தார். விண்வெளியில் முதன்முதலாக மனிதன் வாசித்த வாத்தியம் அதுவே. வீணையோ பியானோவோ போக முடியாத இடத்துக்குச் சட்டைப்பை வாத்தியம் போய்விட்டது.

இனி இந்தியாவுக்கு வருவோம். கல்கத்தாவில் மிலன் குப்தா மவுத் ஆர்கனைத் தனிக் கச்சேரிக் கருவியாகவே வாசித்துப் பெயர் பெற்றார். 1964இல் வந்த 'தோஸ்தி' இந்திப் படத்தை நம்மில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கண்ணில்லாத ஒரு பையன் பாட, கால் ஊனமுற்ற அவன் நண்பன் மவுத் ஆர்கன் வாசிப்பான். இருவரும் தெருவில் பாடிப் பிழைப்பார்கள். அந்தப் படத்துக்கு இசை இலட்சுமிகாந்த் - பியாரேலால். ஆனால் படத்தில் ஒலித்த மவுத் ஆர்கன், பின்னாளில் பெரிய இசையமைப்பாளராகப் புகழ்பெற்ற ஆர்.டி. பர்மனின் மூச்சு. நண்பர்களுக்காக வாசித்துக் கொடுத்தார். 1975இல் வந்த 'ஷோலே' படத்தில், மாலை மங்கும் நேரத்தில் தனியே உட்கார்ந்து அமிதாப் பச்சன் மவுத் ஆர்கன் ஊதுவதாக ஒரு காட்சி வரும். அங்கே உண்மையில் வாசித்தவர், இரங்கூனில் பிறந்த பானு குப்தா. திரையில் தெரியும் முகத்தை உலகம் அறியும். மூச்சைக் கொடுத்தவரின் பெயரைத் தேடித்தான் அறிய வேண்டும்.

அன்று தானா ராத்தாவில் அந்தச் சீனப் பெரியவர் வாசித்த இந்திப் பாட்டைக் கேட்டு நம் மக்கள் கண் கலங்கியதற்குக் காரணம் இருக்கிறது. ஜெர்மானியன் செய்த கருவி. சீனர் ஒருவரின் மூச்சு. இந்திக்காரரின் மெட்டு. கேட்டவர்கள் தமிழர்கள். நடந்த இடம் மலாய்ப் பெயர் தாங்கிய ஊர். ஒருவரும் இன்னொருவருக்கு மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

இவ்விடத்தில் ஒரு கேள்வி எழலாம். "இதெல்லாம் மேல்நாட்டுக் கருவி, நம் சங்கீதத்துக்கு ஒத்து வருமா?" என்று சிலர் கேட்பார்கள். இந்தக் கேள்வி புதியதன்று. மவுத் ஆர்கனின் அண்ணனாகிய ஆர்மோனியத்தை, கமகம் பேசாது என்ற காரணத்தால், 1940ஆம் ஆண்டில் அகில இந்திய வானொலி நிலையத்துக்குள் வரக்கூடாது என்று தடுத்துவிட்டார்கள். முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 1971இல்தான் அந்தத் தடை தளர்ந்தது. அந்த முப்பது ஆண்டும் நம் கோயில் பஜனைகளிலும் நாடக மேடைகளிலும் ஆர்மோனியம் ஒலித்துக்கொண்டே இருந்தது. நிலையம் தள்ளியதை மக்கள் தாங்கிப் பிடித்தார்கள். வயலினையும் எண்ணிப் பாருங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாலுசாமி தீட்சிதரும், அவருக்குப் பின் தஞ்சை வடிவேலுவும் அதைக் கையில் எடுத்தபோது அதுவும் மேல்நாட்டுக் கருவிதான். இன்று வயலின் இல்லாத கர்நாடகக் கச்சேரி உண்டா? கருவிக்கு ஊர் இல்லை. எடுத்துப் பழகுகிறவனின் ஊரே அதன் ஊர்.

நேயர்களே, வானொலியில் இருந்துகொண்டே வானொலியின் குறை ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். வானொலி நமக்கு ஒலியைக் கொண்டுவந்து தருகிறது. தோட்டத்துப் பொதுவானொலிப் பெட்டியைச் சுற்றி அமர்ந்து கேட்ட காலத்திலிருந்து அது செய்துவரும் தொண்டு பெரிது. ஆனால் மவுத் ஆர்கனைப் பொறுத்தவரை, பாதி வித்தையைக் கண்ணால்தான் காண முடியும். வல்லுநர் ஒருவரை முதன்முறையாக நேரில் கேட்கும் வாய்ப்புக் கிடைத்தால், மூன்று காரியங்களைக் கவனியுங்கள்.

முதலாவது, கைகள். இரண்டு உள்ளங்கைகளும் கிண்ணம்போல் குவிந்து கருவியை மூடியிருக்கும். கை மூடும்போது ஒலி தூரத்து வீட்டில் கேட்பதுபோல் ஒடுங்கும். திறக்கும்போது வாசலுக்கு வந்துவிடும். விரல்கள் மெல்லச் சிறகடித்தால் சுரம் நடுங்கும். அன்று நாம் கேட்ட அழுகை அந்தக் கையில் இருந்தது.

இரண்டாவது, நெஞ்சு. எந்த இடத்தில் மூச்சை இழுக்கிறார், எந்த இடத்தில் விடுகிறார் என்று பாருங்கள். நீண்ட சுரம் ஒன்றை இழுத்து முடிப்பதற்குள் நமக்கே மூச்சு முட்டும். அவரோ அடுத்த சுரத்துக்கு அமைதியாகப் போய்க்கொண்டிருப்பார். எத்தனை ஆண்டுப் பழக்கம் அது!

மூன்றாவது, மௌனம். அவர் கருவியை உதட்டிலிருந்து எடுத்த பிறகும் ஒரு கணம் மண்டபம் அசையாமல் இருக்கும். அந்த ஒரு கணத்தை எந்த இசைத்தட்டிலும் எந்த வானொலியிலும் கேட்க முடியாது. அது நூறு பேர் சேர்ந்து இருந்தால்தான் உண்டாகும்.

இனி அந்தப் பாட்டியின் கேள்விக்கு வருவோம். "அந்தச் சின்னப் பெட்டிக்குள்ளே எத்தனை பேரு இருக்காங்க?"

பாட்டி, சீனத்தில் மூங்கிலுக்குள் முதல் நாக்கை வைத்தவன் இருக்கிறான். சபாவில் சுரைக்குடுக்கையைக் காயவைத்தவன் இருக்கிறான். துரோசிங்கனில் விளக்கு வெளிச்சத்தில் பித்தளையைத் தேய்த்த தாயும் பிள்ளையும் இருக்கிறார்கள். பருத்திக் காட்டில் சுரத்தை வளைத்தவன் இருக்கிறான். சிறை முகாமில் பழகியவர் இருக்கிறார். பெயர் அழிக்கப்பட்டும் வாசிப்பை நிறுத்தாதவர் இருக்கிறார். எண்ணிக் கணக்கிட முடியாத கூட்டம் அது. அவ்வளவு பேரும் ஒரு மனிதரின் மூச்சில் ஏறி, அந்த மழை மாலையில் தானா ராத்தாவுக்கு வந்திருந்தார்கள்.

ஆகவே, அடுத்த முறை வாசற்படியில் பிள்ளை மவுத் ஆர்கன் ஊதினால், அதட்டுவதற்கு முன் சற்றே நின்று கேளுங்கள். பாடத்தை முடித்தபின் ஊதச் சொல்லுங்கள். ஆனால் ஊதவே வேண்டாம் என்று மட்டும் சொல்லாதீர்கள். மலிவாக வாங்கியது என்பதற்காக ஒரு கருவியும் தாழ்ந்ததில்லை. லயத்தில் பிறந்தது என்பதற்காக ஒரு பிள்ளையும் தாழ்ந்ததில்லை. இரண்டையும் உலகம் மதிப்பதற்கு வேண்டியது ஒன்றே: இடைவிடாத பழக்கமும், பொறுமையோடு கேட்கும் நான்கு காதுகளும். அந்தக் காதுகளில் முதல் இரண்டு நம்முடையவையாக இருக்கட்டும்.